புழுவைப் பார்த்தவர்கள் ஐஸ் பெட்டியைப் பார்க்கவில்லை

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் திருநீர்மலையில் எங்கள் தெருக்களில் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, கூடைக்கார அக்காவின் குரல் குறைந்துவிடும். இன்னொன்று, மெயின் ரோட்டுக் கோழிக்கடைகளிலும் மளிகைக்கடைகளிலும் இருக்கும் ஐஸ் பெட்டிகளுக்கு முன்னால் ஆள் கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. காசிமேட்டில் வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி நிற்கும். கூலிக்குப் போகிறவர் வீட்டில் அந்த விலையைப் பற்றிப் பேசக்கூட மாட்டார்கள். பாசா துண்டு, உறைந்த கானாங்கத்தை, ஜிலேபி, பிள்ளைகள் கேட்கும் ஃபிஷ் ஃபிங்கர் என்று மலிவாகக் கிடைப்பதுதான் அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு.

இந்த முறை அந்தக் குழம்புக்குள் ஒரு வீடியோ வந்து விழுந்தது. பாக்கெட்டைப் பிரித்து எடுத்த மீன் துண்டில் ஒரு வெள்ளைப் புழு நெளிகிறது. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று ஒரு தகவலும் இல்லை. கீழே மட்டும் எழுத்து இருந்தது: "மலிவா கிடைக்குதுன்னு கண்டதையும் திங்கிற ஜனங்களுக்குச் சமர்ப்பணம்." பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவிலிருந்து, அங்கே வீட்டு வேலை செய்யும் எங்கள் தெரு அக்காவின் போனுக்கு அது வந்தது. அடுத்த நாள் அந்த வீட்டில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்: "மீன் கழுவின கையோட இங்க பாத்திரம் தொடாதீங்க. புழு எல்லாம் இருக்காம்."

அக்கா சிரித்துக்கொண்டேதான் எங்களிடம் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தீண்டாமைக்குக் காலத்துக்கு ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. முன்பு மாடு. பிறகு கருவாட்டு நாற்றம். இப்போது புழு.

சரி, புழுவைப் பற்றியே முதலில் பேசுவோம். கோபப்படுவதால் உண்மை மாறிவிடாது.

மீனில் புழு இருப்பது புதிய செய்தியே இல்லை. கடல் மீன்களின் குடலிலும் வயிற்றுச் சுவரிலும் அனிசாகிஸ் என்ற உருளைப்புழுவின் குஞ்சு சுருண்டு கிடப்பது உலகம் முழுக்க உள்ள விஷயம். வாளை போன்ற மீன்களின் சதையில் அரிசிமணி போல வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் ஒருவகை நாடாப்புழுவின் கூடு. அது மனிதர் உடலில் வளர்வதில்லை. செவுளிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பேன் போன்ற பூச்சியை நம் ஆயாக்கள் ஆய்ந்து எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். விலை உயர்ந்த மீன், மலிவு மீன் என்று இந்த ஒட்டுண்ணிகள் பேதம் பார்ப்பதில்லை. சாதி பார்க்கிற பழக்கம் மனிதருக்கு மட்டும்தான் உண்டு.

அனிசாகிஸ் மனிதருக்குத் தொல்லை தருவது மீனைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடும் ஊர்களில். அதனால்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பச்சையாகச் சாப்பிடப் போகும் மீனை முதலில் உறைய வைக்கச் சொல்கிறார்கள். மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாட்கள் வைத்தால் புழு செத்துவிடும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கணக்கு. நன்றாக வேக வைத்தாலும் செத்துவிடும். புளி கரைத்து, மிளகாய்த்தூள் போட்டு, கொதிக்கக் கொதிக்க இறக்கும் நம் குழம்பில் எந்தப் புழுவும் பிழைக்காது. ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட சிலருக்குச் செத்த புழுவும் அரிப்பைக் கிளப்பலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஆனால் பொதுவாக நம் சமையல் முறை, அதாவது குடலை முழுக்க எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அலசி, முழுசாக வேக வைப்பது, இந்தப் புழுவுக்கு எதிரான நல்ல பாதுகாப்பு. அதைக் கண்டுபிடித்தவர்கள் 'கண்டதையும் திங்கிற ஜனங்கள்'தான்.

இப்போது அந்த வீடியோவை மறுபடி பாருங்கள். புழு நெளிகிறது. உறைந்த மீன் என்று விற்ற பாக்கெட்டில் புழு உயிரோடு இருக்கிறது. முறைப்படி உறைந்து, முறைப்படி குளிரிலேயே இருந்திருந்தால் அது செத்திருக்க வேண்டும். அந்த வீடியோ உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அது காட்டுவது மீனின் குற்றம் அல்ல, குளிரின் குற்றம். புழுவைப் பார்த்து முகம் சுளித்த அத்தனை பேரில் ஒருவர்கூட 'இந்த மீன் எத்தனை டிகிரியில் இருந்தது' என்று கேட்கவில்லை.

உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். ஆலையிலிருந்து லாரி, லாரியிலிருந்து மொத்தக் கிடங்கு, அங்கிருந்து மினி வேன், வேனிலிருந்து கடைப்பெட்டி வரை அந்தக் குளிர் அறுபடக் கூடாது. எங்கள் பக்கம் என்ன நடக்கிறது? பாலுக்கும் ஐஸ்கிரீமுக்கும் மீனுக்கும் ஒரே பெட்டி. மூடி பாதி திறந்தே கிடக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் பெட்டியை அணைத்துவிட்டுப் போகும் கடையை நாங்களே பார்த்திருக்கிறோம். காலையில் உருகியது மறுபடி உறையும். மாலையில் வாங்கிப் போகிறவருக்கு அது கல் மாதிரிதான் இருக்கும். உள்ளே நடந்தது தெரியாது.

புழுவை விட இது ஏன் பெரிய ஆபத்து என்பதை ஒரு வீட்டுக் கதையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை. ஒரு ஞாயிறு மதியம் ஐஸ் பெட்டிக் கானாங்கத்தையைப் பொரித்துச் சாப்பிட்டாள். அரைமணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, தலைவலி, வாந்தி. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி போட்டதும் சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. ஆனால் அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தெரு?" தெருவின் பெயரைச் சொன்னதும் வந்த தீர்ப்பு, "கண்ட மீனையும் வாங்கித் தின்னா இப்படித்தான் ஆகும். இவளுக்கு இனிமே மீனே குடுக்காதீங்க." எந்த மீன், எங்கே வாங்கியது, பாக்கெட் இருக்கிறதா என்று எதுவும் கேட்கவில்லை. எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. அந்தப் பிள்ளை ஒரு வருடம் மீனைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் கூடைக்கார அக்காவிடம் வாங்கிய புது மீனைச் சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

அவளுக்கு வந்தது மீன் ஒவ்வாமை அல்ல, ஹிஸ்டமின் நஞ்சாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று பிறகுதான் விளங்கியது. கானாங்கத்தை, மத்தி, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து அதிகம். பிடித்த பிறகு எந்தக் கட்டத்திலாவது அந்த மீன் குளிர் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால், பாக்டீரியா அந்தச் சத்தை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒருமுறை உருவாகிவிட்டால் கதை முடிந்தது. உறைய வைத்தாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது, எண்ணெயில் முறுகப் பொரித்தாலும் போகாது. நாற்றம் இல்லாமலே இருக்கவும் கூடும். வாங்குகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியது ஆய்வகம். அதற்குத்தான் நாம் வரி கட்டுகிறோம்.

அரசு சோதிக்கிறதா என்று கேட்டால், எங்கள் நினைவுக்கு வருவது 2018. அந்த ஆண்டு ஜூனில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் வாளையார், ஆரியங்காவு, அமரவிளை சோதனைச் சாவடிகளில் வெளிமாநில லாரிகளை நிறுத்தியது. ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. பிணம் கெடாமல் இருக்கப் பயன்படுத்தும் அதே ஃபார்மலின். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்து வகைப்படுத்தியிருக்கிறது. ஜூலையில் அசாமும் கோவாவும் வெளிமாநில மீனுக்குத் தற்காலிகத் தடை விதித்தன. சென்னையில் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை மீன் மாதிரிகளைப் பற்றியும் செய்தி வந்தது. சில வாரம் பரபரப்பு. சில வாரம் மீன்காரப் பெண்களின் கூடை காலியாகாமல் திரும்பியது. ஃபார்மலினைக் கலந்தவர் யார், எந்தக் கட்டத்தில் கலந்தார் என்ற கேள்விக்கு நம் தெருவுக்குப் பதில் வரவில்லை. நட்டப்பட்டவர் கூடை சுமந்தவர்தான்.

கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஃபார்மலினையும் அம்மோனியாவையும் சில நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும் காகிதப் பட்டையைக் கண்டுபிடித்தது. கேரளச் சாவடிகளில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். இந்திய விஞ்ஞானிகள் மக்கள் காசில் கண்டுபிடித்த அந்தப் பட்டை, எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு தடவையாவது மீனின் மேல் பட்டு நாங்கள் பார்த்ததில்லை.

இந்த நாட்டுக்கு மீனைச் சுத்தமாகக் கையாளத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகத் தெரியும். 1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம், ஆலைகளின் சுகாதாரம் சரியில்லை என்று சொல்லி இந்தியக் கடல் உணவுக்குத் தடை போட்டது. டெல்லி முதல் கொச்சி வரை ஆடிப்போனார்கள். ஆலைகளுக்குப் புதுத் தரை, குளிரூட்டிய அறைகள், தண்ணீர்ச் சோதனை, பணியாளர்களுக்குத் தலையுறை, கையுறை, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பநிலைக் குறிப்பு என்று எல்லாம் வந்தன. ஏற்றுமதி ஆய்வுக் குழுவின் அங்கீகாரம் இல்லாத ஆலையிலிருந்து ஒரு பெட்டிகூட ஐரோப்பாவுக்குப் போக முடியாது. 2022-23இல் இந்தியா 17.35 லட்சம் டன் கடல் உணவை ஏற்றுமதி செய்து 63,969 கோடி ரூபாய் ஈட்டியது. பெரும்பங்கு உறைந்த இறால். விரல் மரத்துப்போக அந்த இறாலை உரித்தவர்கள் ஏழைப் பெண்கள்.

ஆக, ஐரோப்பியர் தட்டுக்குப் போகும் மீனின் வெப்பநிலை எழுதி வைக்கப்படுகிறது. அதை உரித்த பெண்ணின் வீட்டுத் தட்டுக்கு வரும் மீனுக்கு ஒரு காகிதமும் இல்லை. ஐரோப்பியர் 'வேண்டாம்' என்று சொன்னதும் இந்த நாட்டில் ஆலைகள் மாறின. திருநீர்மலைக்காரர் வாந்தி எடுத்தால் 'ஏன் அதைத் தின்னாய்' என்ற கேள்விதான் வருகிறது. இதற்கு இரட்டைத் தரம் என்று பெயர் வைத்தால் போதாது. ஊர், சேரி என்று இரண்டாகப் பிரித்து வைத்த அதே புத்தி, குளிர்பதனக் கிடங்கிலும் கோடு போட்டிருக்கிறது.

இன்னொரு 2018 நினைவையும் சொல்லிவிடுகிறோம். நவம்பர் 17 அன்று எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் இரண்டு டன்னுக்கும் மேல் இறைச்சி பிடிபட்டது. நாய்க்கறி என்று ஊரே சொன்னது. பிரியாணிக் கடைகள் வெறிச்சோடின. சில நாளில் கால்நடை மருத்துவக் கல்லூரிச் சோதனை அது ஆட்டிறைச்சிதான் என்று சொன்னது. அவ்வளவு இறைச்சி அத்தனை தூரம் என்ன குளிரில் வந்தது என்பதுதான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்கத் தோன்றவில்லை. கறி தின்கிறவர்களை அருவருப்பாகப் பேச ஒரு வாரம் கிடைத்தது, பேசினார்கள், மறந்தார்கள்.

ஜெர்மனியிலும் இதேபோல் நடந்ததுண்டு. 1987இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி மீனில் நெளியும் புழுக்களைக் காட்டியது. மீன் விற்பனை ஒரே வாரத்தில் சரிந்தது. ஆனால் அங்கே அது மீன் தின்கிறவர்களைத் திட்டுவதில் முடியவில்லை. அடுத்த ஆண்டே மீனைச் சோதிக்கவும் கையாளவும் புதிய விதிகள் வந்தன. அங்கே புழு சட்டம் ஆனது. இங்கே புழு வசவு ஆகிறது.

எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'எங்கள் உணவு எங்கள் உரிமை' என்று மேடையில் பேசுகிற நாம், அந்த உணவின் தரத்தைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். பேசினால் எதிரிக்குச் சாதகமாகிவிடுமோ என்ற பயம். மாட்டுக்கறியைக் காக்கப் பேசிப் பேசி, கெட்ட கறியை விற்கிறவனைத் தட்டிக் கேட்க மறந்துவிட்டோம். கடைக்காரர் நம்ம பையன் என்றால் வாயை மூடிக்கொள்கிறோம். அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளியபோது கேட்டது மனிதருக்குரிய சம உரிமையை. அந்த உரிமைக்குள், குடிக்கும் தண்ணீரும் தின்னும் மீனும் சுத்தமாக இருக்கும் உரிமையும் அடக்கம். கெட்டுப்போன மீனைத் தின்பது பண்பாடு அல்ல. அது நம் மேல் சுமத்தப்பட்ட விலை.

இந்த மலிவு பாக்கெட்டை நாம் விரும்பித் தேடிப் போகவும் இல்லை. இந்த ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து நின்றதால், அது வடியும்வரை திருமங்கையாழ்வார் மாதக்கணக்கில் காத்திருந்தார் என்று கோயில் கதை சொல்கிறது. அந்த ஏரியில் தூண்டில் போட்டு விராலும் கெளுத்தியும் பிடித்து வந்த கதையை எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். காசில்லாதவனுக்கும் அது மீன் கொடுத்தது. நாகல்கேணி, குரோம்பேட்டைப் பக்கத் தோல் ஷாப்புகளின் கழிவும், சுற்றுப்பட்ட ஊர்களின் சாக்கடையும் சேர்ந்து எங்கள் பகுதி நீரைக் கெடுத்தன. தோலைப் பதப்படுத்தி உடம்பைக் கெடுத்துக்கொண்டதும் நம் ஆட்கள், கெட்ட ஏரியை ஒட்டிக் குடியிருப்பதும் நம் ஆட்கள். மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏரி மீன் திரும்பி வரவில்லை. அந்த இடத்துக்குத்தான் ஐஸ் பெட்டி வந்து உட்கார்ந்தது.

ஆகவே 'மலிவு மீனை வாங்காதீர்கள்' என்ற அறிவுரையை நாங்கள் ஏற்கப் போவதில்லை. வளரும் பிள்ளைக்கும், கர்ப்பிணிப் பெண்ணுக்கும், மூட்டை தூக்குகிற உடம்புக்கும் புரதம் வேண்டும். உறைந்த மீன் தன்னளவில் கெட்டதும் அல்ல. சரியாக உறைந்த மீன், வெயிலில் இரண்டு நாள் கிடந்த 'ஃபிரஷ்' மீனை விட நல்லது. கேட்க வேண்டியது, மலிவு மீனும் சோதிக்கப்பட்ட மீனாக இருக்க வேண்டும் என்பதைத்தான்.

திருநீர்மலைப் பேரூராட்சி 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. மாநகராட்சி என்ற பெயர் வந்தால் மாநகரத்துக்குரிய சோதனையும் வர வேண்டும். எங்கள் கோரிக்கைகள் இவை. தடைக்கால 61 நாட்களிலும் மாதம் இருமுறையாவது உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் இந்தப் பகுதிக் கடைகளில் மாதிரி எடுக்கட்டும். ஃபார்மலினோடு நிறுத்தாமல் ஹிஸ்டமினையும் பார்க்கட்டும். முடிவைக் கடை வாசலிலும் வார்டு அலுவலகத்திலும் ஒட்டட்டும். உறைந்த மீன் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும், வாங்குகிறவர் கண்ணில் படும்படி வெப்பமானி இருக்கட்டும். சிறு கடைக்காரரை அபராதத்தால் நசுக்குவதற்கு முன், மீனை உருக விட்டு அவரிடம் தள்ளும் மொத்த வியாபாரியின் வேனை நிறுத்திச் சோதிக்கட்டும். தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் விற்பனை வண்டி எங்கள் குடியிருப்புகளுக்குள்ளும் வரட்டும். கூடைக்கார அக்காக்களுக்கு ஐஸும் காப்புப்பெட்டியும் கிடைக்கட்டும்.

அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண்ணும், பேக்கிங் தேதியும் இல்லையென்றால் வாங்காதீர்கள். பாக்கெட்டின் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி உறைந்திருந்தால், மீன் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தால், அது ஒருமுறை உருகியது. மேலே பூசிய ஐஸின் எடையைக் கழித்துத்தான் நிகர எடை எழுத வேண்டும். வீட்டில் உருக வைத்துத் தராசில் போட்டுப் பாருங்கள், மீனுக்குக் கொடுத்த காசில் எவ்வளவு தண்ணீருக்குப் போனது என்று தெரியும். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். சாப்பிட்டவுடன் முகம் சிவந்து அரித்தால் மருத்துவமனைக்குப் போங்கள், பாக்கெட்டையும் மிச்ச மீனையும் கையோடு கொண்டுபோங்கள், சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். குறை உறுதியானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். கிண்டி ஆய்வகம் நமக்கும் சேர்த்துத்தான் கட்டப்பட்டது.

வரும் தடைக்காலத்துக்குள் இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி, தெருத் தெருவாகக் கையெழுத்து வாங்கி, தாம்பரம் மாநகராட்சியிலும் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்க இருக்கிறோம். முதல் கையெழுத்து, மீன் கழுவின கையோடு பாத்திரம் தொடாதே என்று சொல்லப்பட்ட அந்த அக்காவுடையது. அதே கையால்தான் போடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.